நுங்கம்பாக்கத்துத் தூணைச் சுற்றி ஒரு மரபு நடை: 500 ரூபாய்க்குத் தகுமா?

சென்னையில் மரபு நடைகளுக்கு இப்போது பஞ்சமில்லை. மயிலாப்பூர் மாடவீதி, ஜார்ஜ் டவுன், சாந்தோம் என்று ஞாயிறுதோறும் ஏதாவது ஒரு குழு மக்களைத் திரட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறது. பெரும்பாலான நடைகள் பழைய கட்டடங்களில் தொடங்கி ஃபில்டர் காபியில் முடிந்துவிடும். நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் உள்ள மண்டல வானிலை ஆய்வு மைய வளாகத்தை மையமாக வைத்து ஒரு சிறு குழு நடத்தும் நடை அந்த வகையைச் சேர்ந்ததன்று. அங்கே முன்பு இயங்கிய மதராஸ் வானாய்வகத்தில் உழைத்தவர்களில், வரலாற்று நூல்களின் அடிக்குறிப்புகளில் மட்டுமே எஞ்சியிருப்பவர்களைப் பற்றியே அது பெரிதும் பேசுகிறது.

வளாகத்துக்குள் செல்ல முன்னனுமதி பெற்றுத்தருவதும், ஆளுக்கொரு நான்கு பக்கக் கையேடு தருவதும் கட்டணத்தில் அடங்கும். வழிகாட்டி ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். குரலை உயர்த்தாமலே கடைசி வரிசை வரை கேட்கும்படி பேசத் தெரிந்தவர்.

முதலில் கருங்கல் தூணின் அருகே நிறுத்துகிறார்கள். பதினைந்து அடி உயரம், பத்து டன் எடை. ஒரு காலத்தில் வானளக்கும் கருவியைத் தாங்கி நின்ற தூண் இது. பிரித்தானியரின் தாராள மனத்தால் ஆசியாவில் கணித அறிவியல்கள் முதன்முதலாக ஊன்றப்பட்ட காலத்தை ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் வருவோரும் அறியவேண்டும் என்ற பொருளில், 1792ஆம் ஆண்டைக் குறித்து அதில் கல்வெட்டு பொறித்திருக்கிறார்கள். தமிழும் தெலுங்கும் அக்கல்வெட்டில் இருக்கின்றன. அந்த வாசகத்தைப் படித்துக் காட்டிவிட்டு, மறுப்பாக ஒரு சொல்லும் சொல்லாமல், வழிகாட்டி தரையில் ஒரு துணியை விரித்துச் சோழிகளைக் கொட்டுகிறார். இந்த நடையின் சிறந்த பகுதி இதுதான்.

வானில் கோணத்தை அளக்கும் ராசி, பாகை, கலை என்ற அலகுகளுக்கு மூன்று பத்திகளாகச் சோழிகள் அடுக்கப்படுகின்றன. கலைப் பத்தியில் அறுபது சேர்ந்ததும் அவற்றை அள்ளிவிட்டுப் பாகைப் பத்தியில் ஒன்றைக் கூட்டுகிறார். பாகை முப்பதைத் தொட்டதும் ராசியில் ஒன்று ஏறுகிறது. எழுதுகோலும் காகிதமும் இல்லாமல் ஒரு கூட்டல் கண்முன்னே முடிந்துவிடுகிறது. இதற்குப் பிறகுதான் ஜான் வாரன் கதைக்குள் வருகிறார். 1805 முதல் 1811 வரை இந்த வானாய்வகத்தின் பொறுப்பில் இருந்த வாரன், பிற்காலத்தில் புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக் கணிதரைச் சந்தித்தார். 1825ஆம் ஆண்டு மே 31, ஜூன் 1 இரவில் நிகழ்ந்த சந்திர கிரகணத்தை அவர் சோழிகளைக் கொண்டும், எண்களைச் சொற்களாக்கி மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைக் கொண்டும் கணித்துக் காட்டியதை வாரன் பதிவு செய்தார். அந்தக் கணிதரின் பெயர் வாரனின் ஆங்கில எழுத்தில் 'சாமி நாடன் சாஷியா' என்று சிதைந்து நிற்கிறது. பெற்றோர் வைத்த பெயர்கூட முழுதாகக் கிடைக்காத ஒருவர், தமிழகத்து வாக்கியக் கணித மரபுக்கு உலக வானியல் வரலாற்றில் முக்கியமான சாட்சியாக நிற்கிறார்.

இவ்வளவு நன்றாகக் கொண்டுவந்த இடத்தில்தான் நடையின் பெரிய குறையும் இருக்கிறது. கிரகணத் தொடக்கத்தை அவர் நான்கு நிமிட வேறுபாட்டில் கணித்தார் என்று வழிகாட்டி பெருமையுடன் சொல்கிறார். கையேட்டிலும் அந்த எண் தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கிறது. கிரகணத்தின் நடுப்பகுதியில் 23 நிமிடமும் முடிவில் 52 நிமிடமும் பிசகியது என்பதை வழிகாட்டியும் கையேடும் சொல்வதில்லை. அந்தக் கணிதருக்குச் சித்தாந்தக் கோட்பாடு, அதாவது கணக்குக்கு அடிப்படையான வானியல் விளக்கம், எதுவும் தெரிந்திருக்கவில்லை என்று வாரனே எழுதியிருப்பதும் விடுபட்டிருக்கிறது. இவற்றை மறைப்பதால் அவருக்குப் பெருமை கூடிவிடாது. கோட்பாட்டைப் படிக்காத ஒருவரிடம் கூட, தலைமுறை தலைமுறையாகக் கைமாறிய ஒரு கணக்கு முறை இவ்வளவு தூரம் சிதையாமல் வந்து சேர்ந்திருக்கிறது என்பதே வியப்புக்குரிய செய்தி. அதைச் சொல்லாமல் நான்கு நிமிடத்தை மட்டும் பிடித்துக்கொண்டால், கல்வெட்டு ஆங்கிலேயருக்காகச் செய்ததையே நாம் நமக்காகச் செய்கிறோம்.

அடுத்த நிறுத்தம் சிந்தாமணி ரகுநாதாசாரியைப் பற்றியது. விண்மீன்களின் ஒளியளவுக்கு இன்றும் உலகம் பயன்படுத்தும் அளவுமுறையை வகுத்த நார்மன் போக்சன், 1861 முதல் 1891 வரை இங்கே வானியலாளராக இருந்தார். அவருக்குக் கீழே முதல் உதவியாளராகப் பணியாற்றியவர் ரகுநாதாசாரி. தென்வானத்தில் உள்ள 'ஆர் ரெட்டிகுலி' என்னும் விண்மீனின் ஒளி கூடிக் குறைவதை 1867இல் கண்டறிந்த இவர், 1872இல் இலண்டன் இராயல் வானியல் சங்கத்தின் உறுப்பினரானார். 1874 டிசம்பர் 9 அன்று வெள்ளி சூரியனைக் கடக்கவிருந்ததைப் பொதுமக்களுக்கு விளக்கும் சிறு நூலை ஆங்கிலத்திலும் இந்திய மொழிகளிலும் வெளியிட்டார். இவர் ஒரு விண்மீனையே கண்டுபிடித்ததாகக் கையேடு சொல்வதைத் திருத்த வேண்டும். கண்டுபிடித்தது அதன் மாறும் ஒளியைத்தான். பல இரவுகள் ஒரே புள்ளியைப் பார்த்துக் குறித்துவைத்தவருக்கே அது புலப்படும் என்பதால், திருத்தம் அவருக்கு மேலும் மரியாதையே சேர்க்கும்.

ரகுநாதாசாரி பழைய பஞ்சாங்கங்களின் பிழைகளை நேரடி நோக்கின் துணையால் திருத்தித் திருக்கணிதப் பஞ்சாங்கம் வெளியிட முனைந்தவர் என்பதை வழிகாட்டி அழகாக இணைக்கிறார். சனிப்பெயர்ச்சி திருக்கணிதப்படி 2025 மார்ச் 29 என்றும், வாக்கியப்படி 2026இல் என்றும் கேட்டுக் குழம்பாத வீடு தமிழ்நாட்டில் இருக்காது. அந்தக் குழப்பத்தின் இரு கரைகளிலும் நிற்கும் இருவரை ஒரே காலைப்பொழுதில் அறிமுகம் செய்துவைக்கிறது இந்த நடை. பழமை ஒருபுறம், ஐரோப்பிய அறிவியல் மறுபுறம் என்று பள்ளியில் படித்த கோடு இங்கே அழிந்துபோகிறது. பஞ்சாங்கம் கணித்த கையும் தொலைநோக்கியைத் திருப்பிய கையும் ஒன்றாகவே இருந்திருக்கின்றன.

மூன்றாவதாக வரும் ஐசிஸ் போக்சனுக்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. நார்மன் போக்சனின் மகளான இவர் 1873 முதல் தந்தையின் உதவியாளராக இங்கே கணக்குப் பணி செய்தார். பிறகு சென்னை மாகாண அரசின் வானிலைப் பொறுப்பையும் ஏற்றார். 1886இல் இவர் பெயர் இராயல் வானியல் சங்கத்துக்கு முன்மொழியப்பட்டபோது, சங்கத்தின் சாசனம் உறுப்பினர்களை ஆண்பாலிலேயே குறிப்பிடுகிறது என்ற காரணத்தால் அது கைவிடப்பட்டது. இறுதியில் 1920இல்தான் உறுப்பினரானார். அதாவது, தந்தையின் இந்திய உதவியாளருக்குத் திறந்த கதவு மகளுக்குத் திறக்க மேலும் 48 ஆண்டுகள் ஆயின. மழைக்காலத்தில் 'நுங்கம்பாக்கத்தில் இத்தனை சென்டிமீட்டர்' என்று செய்தியில் கேட்கும் ஒவ்வொருவருக்கும், தொலைநோக்கிகள் 1899இல் கொடைக்கானலுக்குப் போனபின் அந்த வளாகத்தில் நீடித்த வானிலைப் பணி இவர் முன்பு பார்த்ததே என்று சொல்லியிருக்கலாம். அதற்குப் பதில் இந்திய நிலஅளவைப் பணிக்காக 1802இல் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்த வில்லியம் லாம்டனைப் பற்றி நீண்ட நேரம் பேசுகிறார்கள். லாம்டனுக்கு ஏற்கெனவே நூல்களும் சிலையும் இருக்கின்றன. மறக்கப்பட்டோர் நடையில் அவருக்கு ஐந்து நிமிடம் போதும்.

மற்றவை சிறு குறைகள். கையேட்டின் எழுத்து முதியோர் படிக்கமுடியாத அளவு பொடியாக இருக்கிறது. நிழலில் உட்கார இடமில்லாததால் தொப்பியும் தண்ணீரும் கொண்டுபோவது நல்லது. பத்து வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகள் சோழிக் கணக்கு முடிந்ததும் சோர்ந்துவிடுகிறார்கள். கட்டணத்துக்கு நடை தகும் என்றே சொல்வேன். தமிழில் நடக்கும் நடைக்கே பதிவு செய்யுங்கள். ராசி, பாகை, கலை என்று அதே சொற்களில் கணக்கைக் கேட்டால்தான் சோழிகள் நகரும் வேகத்தோடு மனமும் கூட்டிக்கொண்டு போகிறது.