லித்தியம் வந்தது, ரத்தம் எடுக்க ஆள் வரவில்லை

என் இரண்டு மாதச் சம்பளம். அதைக் கட்டித்தான் மகனை ஓர் ஆன்லைன் மனநல ஆப்பில் சேர்த்தேன். பெயர் போடாதே, வக்கீல் நோட்டீஸ் வரும் என்கிறார் அண்ணன். சரி, போடவில்லை.

பையனுக்கு 15 வயது, பைபோலார் (மனநிலை ஒரேயடியாக ஏறுவதும் இறங்குவதுமான நோய்). ஆறு மாத பேக்கேஜ். டாக்டர், மருந்து, ரத்தப் பரிசோதனை எல்லாம் அதில் அடக்கம். ஃபோனில் பேசிய பெண், "அழாதீங்கக்கா, இனிமே தம்பி எங்க பொறுப்பு" என்றாள். எங்கள் வீட்டில் அத்தனை நாளும் என்னிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. அந்த ஒரு பேச்சுக்குத்தான் பணம் கட்டினேன். நினைத்தால் வயிறு எரிகிறது.

மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியம் மாத்திரை எழுதினார்கள். மருந்தைக் குறை சொல்லமாட்டேன், பிள்ளை ராத்திரி தூங்க ஆரம்பித்தான். ஆனால் தொடங்கி ஒரு வாரத்திலும், அளவைக் கூட்டும்போதெல்லாமும், கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தத்தில் லித்தியம் எவ்வளவு இருக்கிறது என்று லெவல் பார்க்க வேண்டுமாம். சிறுநீரகம், தைராய்டும் பார்க்க வேண்டுமாம். இவர்கள் இரண்டு முறை அளவைக் கூட்டினார்கள், ஒரு முறைகூட ரத்தம் எடுக்கவில்லை. கேட்டால், "லேப் டீம்கிட்ட சொல்லியிருக்கோம்க்கா."

அவன் கால் சுளுக்குக்கு ஐபுபுரூஃபன் வலி மாத்திரை கொடுக்கலாமா என்று சாட்டில் கேட்டேன். "தாராளமா" என்று பதில். அது லித்தியத்தை உடம்பிலேயே தேக்கிவிடும் என்று எனக்கு எப்படித் தெரியும்? அதைக் கொடுத்த நான்காம் நாள் வாந்தி, கை நடுக்கம், நடந்தால் தள்ளாட்டம், பேச்சுக் குழறல். "ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும், டிக்கெட் போட்டிருக்கோம்" என்றார்கள். புகாரைப் பதிவு செய்ததற்குப் பெயர் டிக்கெட்டாம்! மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். 1.2-ஐத் தாண்டக் கூடாத லெவல் 2.1. அங்கே டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "கடைசியா எப்ப லெவல் பாத்தீங்க?"

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "பேக்கேஜ் தொடங்கியாச்சு, விதிப்படி வராது." மூன்று பேரிடம் கேட்டேன், மூன்று பேரும் அதையே ஒப்பித்தார்கள். கடைசியில் ஒரு மாதம் இலவசமாக நீட்டித்துத் தருகிறார்களாம். இரண்டு மாதச் சம்பளத்துக்கு இதுதான் பதில். 'தம்பி எங்க பொறுப்பு' என்றவளின் எண் இப்போது எடுப்பதே இல்லை.

என்னென்ன கவனிக்கணும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், நர்ஸ் கூப்பிடுகிறார். ரத்தம் எடுக்கும் தேதி கையில் இல்லாமல் பணம் கட்டாதீர்கள். லித்தியம் சாப்பிடும் பிள்ளைக்கு வாந்தி, பேதி, நடுக்கம் என்றால் சாட்டில் உட்காராமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பைபோலாருக்குக் கொடுக்கும் இன்னொரு மருந்தான லாமோட்ரிஜின் என்றால் தோலில் தடிப்பு வந்த அன்றைக்கே டாக்டர். பயந்துபோய் எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், கேட்டு நிறுத்துங்கள். மற்றது அப்புறம், அவனுக்கு மறுபடி ரத்தம் எடுக்க வந்திருக்கிறார்கள்.