மண்டிச் சுவரில் ஒரு சர்வர்: பழைய ஃபோனோடு 3 வருடம்

கிருஷ்ணகிரி மாவட்டம் ராயக்கோட்டையில் அண்ணன் தக்காளி மண்டி வைத்திருக்கிறார். கல்லாவுக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருக்கும் பழைய ஆண்ட்ராய்டு ஃபோன்தான் 3 வருடமாக எங்கள் வெப் சர்வர், அதாவது கேட்பவர்களுக்கு வலைப்பக்கத்தை அனுப்பும் கணினி. 2 ஜிபி ரேம், ஆண்ட்ராய்டு 9, மூலையில் விரிசல் விட்ட திரை. தக்காளிப் பெட்டிகளை இறக்கியதும் சீட்டு எண்ணையும் எடையையும் பதிவு செய்வோம், ஏலம் முடிந்ததும் விலையை ஏற்றுவோம். விவசாயிகள் சுவரில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து தங்கள் கணக்கைத் தாங்களே பார்த்துக்கொள்கிறார்கள். முன்பெல்லாம் “தம்பி, நம்ம சீட்டு என்ன விலைக்குப் போச்சு?” என்று கேட்டுக்கொண்டு நோட்டைச் சுற்றிப் பத்துப் பேர் நிற்பார்கள்.

கம்ப்யூட்டரை விட்டு ஃபோனுக்கு வந்ததற்குக் காரணம் மின்வெட்டு. விடியற்காலையில் வியாபாரம் சூடாக இருக்கும்போது கரண்ட் போனால் மேசைக் கம்ப்யூட்டர் அப்படியே அணைந்துவிடும். ஃபோனுக்குள் பேட்டரி இருக்கிறது, அதனால் தனி யுபிஎஸ் வேண்டாம். ஆனால் ரவுட்டர் அணைந்துவிட்டால் ஃபோன் மட்டும் விழித்திருந்து பயனில்லை. ரவுட்டருக்கென்று 12 வோல்ட் சின்ன யுபிஎஸ் ஒன்று வாங்கி வைத்த பிறகுதான் இந்த ஏற்பாடு முழுமையானது.

ஆண்ட்ராய்டுக்குள் லினக்ஸ் கட்டளைகளை ஓட்ட உதவும் டெர்மக்ஸ் செயலியை, எஃப்-ட்ராய்டு என்ற இலவசச் செயலிக் கடையிலிருந்து இறக்கினேன். அதற்குள் பக்கத்தை அனுப்ப லைட்டிபிடி என்ற சர்வர் மென்பொருள், தரவைச் சேமிக்க எஸ்க்யூலைட், இரண்டையும் இணைக்கச் சின்ன சிஜிஐ ஸ்கிரிப்ட் (பக்கம் கேட்கப்படும்போது சர்வர் ஓட்டும் சிறு நிரல்). ஒரே சர்வரில் பத்தாயிரம் இணைப்புகளைச் சமாளிக்க முடியுமா என்ற கேள்வியிலிருந்து 2003-இல் பிறந்தது லைட்டிபிடி. எங்களுக்கு ஒரே சமயத்தில் முப்பது பேர் வந்தாலே அதிகம். நினைவகத்தில் அது பிடிப்பது சில எம்பிதான், பக்கமும் தொட்டவுடன் திறக்கிறது.

முதல் வாரம் படுத்தியவை சில. ரூட் செய்யாத (முழு நிர்வாக உரிமை எடுக்காத) ஃபோனில் 1024-க்குக் கீழுள்ள போர்ட் (இணைப்பு வாசல் எண்) எதுவும் கிடைக்காது, அதனால் வலைப்பக்கங்களுக்கு வழக்கமான 80-க்குப் பதில் 8080. ஸ்கிரிப்டின் முதல் வரியில் வழக்கமான லினக்ஸ் பாதையை எழுதினால் ஓடாது, டெர்மக்ஸின் பாதை வேறு. இது புரியாமல் இரண்டு இரவு 500 பிழையையே (சர்வருக்குள் கோளாறு என்ற செய்தி) பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்கிரிப்டுகளைப் படங்கள் இருக்கும் பொதுச் சேமிப்பில் வைத்தாலும் இயங்காது, டெர்மக்ஸின் சொந்தக் கோப்புறையில்தான் வைக்க வேண்டும். தமிழ் எழுத்துகள் குப்பையாகத் தெரிந்தால் அமைப்புக் கோப்பில் யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டைக் குறிப்பிட்டால் சரியாகிவிடும். எங்கள் வட்டாரத்தில் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்கள் நிறைய. சீட்டு எண்ணையும் விலையையும் மட்டும் பெரிதாகப் போட்டேன், அதுவே எல்லாருக்கும் போதுமாக இருந்தது.

திரை அணைந்தால் ஆண்ட்ராய்டு தூங்கப் போய்விடும். அதைத் தூங்கவிடாமல் வைக்கும் வேக்-லாக் போட வேண்டும், பேட்டரி சிக்கன அமைப்பிலிருந்து டெர்மக்ஸுக்கு விலக்கும் கொடுக்க வேண்டும். இரண்டில் ஒன்றை விட்டாலும் சர்வர் நடுவில் நின்றுவிடும். ஃபோன் மறுபடி ஆன் ஆகும்போது சர்வர் தானே எழும்ப டெர்மக்ஸ் பூட் செயலி உதவுகிறது. அதை நிறுவியபின் ஒரு முறையாவது திறந்துவிடுங்கள், இல்லாவிட்டால் வேலை செய்யாது. புது ஃபோன்தான் நல்லது என்றும் நினைக்க வேண்டாம். ஆண்ட்ராய்டு 12 முதல் பின்னணியில் ஓடும் துணைச் செயல்கள் மொத்தம் 32-ஐத் தாண்டினால் சிஸ்டமே கொன்றுவிடும். நண்பரின் ஃபோனில் ‘சிக்னல் 9’ என்ற செய்தியோடு டெர்மக்ஸ் நின்றுபோனது. இந்த வேலைக்குப் பழைய ஆண்ட்ராய்டே நிம்மதி.

இனி பேட்டரி. இதை எழுதத்தான் உட்கார்ந்தேன். முதல் வருடம் 24 மணி நேரமும் சார்ஜரிலேயே விட்டிருந்தேன். மேலே தகரக் கூரை, அதுவும் மே மாதம். ஒரு நாள் கவரைக் கழற்றினால் பின்மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. உள்ளே பேட்டரி உப்பியிருந்தது. பக்கத்தில் காய்ந்த வைக்கோலும் காலி அட்டைப் பெட்டிகளும் கிடந்ததை நினைத்தால் இப்போதும் பதறுகிறது. முழு சார்ஜிலேயே வெப்பத்தில் கிடப்பதுதான் லித்தியம் பேட்டரியைச் சீக்கிரம் கெடுப்பது. அன்றே பேட்டரியை மாற்றினேன். இப்போது டைமர் வைத்த பிளக்கில் காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம் மட்டும் சார்ஜ் ஏறுகிறது. ஃபோனின் தகவல்களை ஸ்கிரிப்டுக்குத் தரும் டெர்மக்ஸ் ஏபிஐ மூலம் பேட்டரி வெப்பத்தைப் படித்து, 45 டிகிரியைத் தாண்டினால் பக்கத்தின் தலைப்பைச் சிவப்பாக்கும்படி எழுதியிருக்கிறேன். ஃபோனையும் கூரையிலிருந்து தள்ளி, கீழே சிமென்ட் சுவருக்கு இறக்கிவிட்டேன்.

வெளியிலிருந்து பார்க்க வசதி செய்யச் சொல்லிச் சிலர் கேட்டார்கள். டனல் (இணையம் வழியாக சர்வருக்கு வர ஒரு பாதை) போட்டால் முடியும், சோதித்தும் பார்த்தேன். ஆனால் அதில் யாருக்கு எவ்வளவு பாக்கி என்ற கணக்கு இருக்கிறது. மண்டி வைஃபைக்குள் இருப்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

தரவுக் கோப்பு தினமும் இரவு அண்ணனின் ஃபோனுக்கு நகலாகிறது. திங்கட்கிழமைதோறும் கவரைக் கழற்றி, பின்மூடி ஓரத்தில் நகத்தை ஓட்டிப் பார்க்கிறேன். இரண்டாவது பேட்டரி இதுவரை தட்டையாகவே இருக்கிறது.