150-ஆ, 180-ஆ, 240-ஆ? வேலூர் வெயிலுக்கு ஏற்ற டி-ஷர்ட் துணி

மொத்த வியாபாரியிடம் ப்ளெய்ன் டி-ஷர்ட் விலை கேட்டால், "எத்தனை ஜிஎஸ்எம்ல வேணும்?" என்றுதான் முதல் கேள்வி வரும். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் நிற்கிறது என்பதுதான் அந்தக் கணக்கு. வெளிநாட்டு பிராண்டுகள் அவுன்ஸில் சொல்லியிருந்தால் 33.9-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள், 5.3 அவுன்ஸ் என்பது கிட்டத்தட்ட 180 ஜிஎஸ்எம். எண் கூடினால் துணி தடிக்கும். தரம் கூடும் என்பதற்கு அது சாட்சி இல்லை. இதைக் குழப்பிக்கொண்டு 240-இல் மட்டும் ஸ்டாக் எடுத்தால், மே மாத வேலூர் வெயிலில் அது அலமாரியை விட்டு நகராது.

150: ஒருநாள் விழாவுக்குச் சரி

பெரும்பாலும் 30-ஆம் நம்பர் நூலில் பின்னிய சிங்கிள் ஜெர்சி, அதாவது வழக்கமான டி-ஷர்ட்டின் ஒற்றைப் பின்னல். நூல் நம்பர் கூடினால் நூல் மெலியும். காற்றோட்டம் நன்றாக இருக்கும், வியர்வை சீக்கிரம் காயும், விலையும் குறைவு. காட்பாடி பக்கக் கல்லூரிகளின் சிம்போசியம், மாரத்தான், கட்சிக் கூட்டம் போன்ற மொத்த ஆர்டருக்கு இது போதும். வெள்ளை நிறம் மட்டும் வேண்டாம். சட்டைக்குள் கையை விட்டு விரித்துப் பாருங்கள்; விரல்கள் தனித்தனியாகத் தெரிந்தால் உள்பனியனும் தெரியும். பெரிய பிரிண்டும் இதற்கு ஆகாது. மை படிந்த இடம் கனத்து, சுற்றியுள்ள துணி சுருங்கித் தொங்கும்.

180: கண்ணை மூடிக்கொண்டு தொடங்கலாம்

ஆண்டு முழுக்க விற்க வேண்டிய பிராண்டுக்கு எங்கள் தேர்வு இதுதான். உடம்பில் ஒட்டாது, வெள்ளையும் பெரும்பாலும் தாங்கும், ஸ்கிரீன் பிரிண்டுக்கும், படலத்தில் அச்சிட்டுச் சூட்டில் ஒட்டும் டிடிஎஃப்புக்கும் நல்ல அடித்தளம். ஆனால் இந்த எண்ணில்தான் ஏமாற்றும் அதிகம் நடக்கும்.

ஒரே 180-ஐ இரண்டு விதமாகக் கொண்டுவரலாம். 24-ஆம் நம்பர் கோம்டு நூலை (குட்டை இழைகளைச் சீவி நீக்கியது) நெருக்கமாகப் பின்னினாலும் 180 வரும். 20-ஆம் நம்பர் கார்டட் நூலை (அப்படிச் சீவாதது) லூசாகப் பின்னினாலும் 180 வரும். தராசுக்கு இரண்டும் ஒன்றுதான். துவைத்தால்தான் வித்தியாசம் தெரியும். தடித்த நூலில் அதே எடை வரவேண்டும் என்றால் கண்ணியைப் பெரிதாக விட்டாக வேண்டும். பெரிய கண்ணிக்குள் நூல் நகர இடம் இருப்பதால் துணி சுருங்கும், பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு வயிற்றுப் பக்கம் வந்து நிற்கும். கார்டட் நூலில் குட்டை இழைகள் நீக்கப்படாததால் சீக்கிரம் பஞ்சு உருண்டு பிடிக்கும். அதனால் ஜிஎஸ்எம் கேட்கும்போதே நூல் நம்பர், கோம்டா கார்டடா, பயோ வாஷ் (மேல் பஞ்சை நீக்கும் என்சைம் கழுவல்) ஆனதா, காம்பாக்டிங் (சுருக்கத்தை முன்கூட்டியே எடுத்துவிடும் அழுத்தம்) ஆனதா என்ற நான்கையும் கேளுங்கள்.

220 முதல் 240: ஓவர்சைஸுக்கு மட்டும்

தோள் இறங்கிய ஓவர்சைஸ் டி-ஷர்ட் சரியாக விழ வேண்டுமென்றால் இந்தக் கனம் தேவை. 150-இல் தைத்தால் நைட்டி மாதிரி தளர்ந்து தொங்கும். ஏசி வகுப்பு, மாலை நேரம், நவம்பர் முதல் பிப்ரவரி வரை என்று நினைத்து அளவாக எடுங்கள். கழுத்து ரிப்பில் (கழுத்தைச் சுற்றி வரும் பட்டை) லைக்ரா இருக்கிறதா என்று இழுத்துப் பாருங்கள். விட்டதும் பழைய இடத்துக்கு வராத ரிப், கனமான உடலைத் தாங்காமல் அலை அலையாக நிற்கும். நெஞ்சு முழுக்க டிடிஎஃப் வேண்டாம். அந்தப் படலத்தில் காற்று போகாது, தடித்த துணியோடு சேர்ந்தால் வியர்வை அடங்கிவிடும்.

காசுக் கணக்கையும் பார்த்துவிடுவோம். பின்னல் துணி கிலோவில் விற்கிறது. வெட்டுக் கழிவு சேர்த்து எல் சைஸுக்குச் சுமார் 1.1 சதுர மீட்டர் என்று வைத்தால் 150-இல் 165 கிராம், 180-இல் 200 கிராம் துணி போகும். ஓவர்சைஸுக்கு 1.4 சதுர மீட்டர் என்றால் 240-இல் 335 கிராம். துணிச் செலவு மட்டுமே 180-ஐப் போல ஏறக்குறைய 1.7 மடங்கு. கூரியரில் அரை கிலோ ஸ்லாப்புக்குள் (கட்டணத்துக்கான எடை வரம்பு) 180 டி-ஷர்ட் இரண்டு அடங்கும். 240 ஓவர்சைஸ் இரண்டு வைத்தால் அடுத்த ஸ்லாப்புக்குத் தாண்டிவிடும்.

எண்ணை நம்பாமல் எடை போடுங்கள்

சாம்பிள் ஒன்றைத் தியாகம் செய்யுங்கள். தையல், பிரிண்ட் இல்லாத இடத்தில் சரியாக 10 செ.மீ.க்கு 10 செ.மீ. துண்டு வெட்டி நகைத் தராசில் வையுங்கள். 1.80 கிராம் காட்டினால் 180 ஜிஎஸ்எம், 1.62 என்றால் 162-ஐ 180 என்று விற்கிறார்கள். சமையலறைத் தராசு இதற்கு உதவாது, 0.01 கிராம் காட்ட வேண்டும். மூன்று இடத்தில் வெட்டிச் சராசரி எடுங்கள்.

இன்னொரு சாம்பிளை வெட்டாமல், நீள அகலத்தைக் குறித்துக்கொண்டு மூன்று முறை துவைத்துக் காயவைத்து மறுபடி அளந்து பாருங்கள். போர் தண்ணீரிலேயே துவைப்பது நல்லது. வாங்குகிறவர் வீட்டில் வருவதும் பெரும்பாலும் அந்த உப்புத் தண்ணீர்தான், அதில் பருத்தி எவ்வளவு விறைக்கிறது என்பதும் தெரியும். நீளம், அகலம் இரண்டிலும் 5 சதவீதம் சுருங்கினால் 180 துணி 199 ஜிஎஸ்எம் ஆகிவிடும். "துவைச்சா கனம் ஏறுது, நல்ல துணி" என்று யாராவது சொன்னால், எல் சைஸ் எம் ஆகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

ஆர்டர் கொடுக்கும்போது, துவைக்கும் முன் 180 ஜிஎஸ்எம், கூடக் குறைய 5 சதவீதம், மூன்று துவைப்புக்குப் பின் சுருக்கம் 5 சதவீதத்துக்குள் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். திருப்பூரிலிருந்து பார்சல் வந்ததும் ஒவ்வொரு நிறத்திலும் ஒரு டி-ஷர்ட்டை எடுத்து இதே சோதனையைச் செய்த பிறகே பிரிண்டுக்கு அனுப்புங்கள். மை ஏறிவிட்ட துணியை எந்த வியாபாரியும் திரும்ப எடுக்கமாட்டார்.