பெங்களூரில் மூன்று மாத டெபுடேஷன்: எந்த ஹோட்டல் பாயின்ட் திட்டம் தேறும்?

திங்கள் காலை பெங்களூர் வந்து இறங்கி, நான்கு இரவு தங்கி, வெள்ளி மாலை மடிவாளாவிலோ எலக்ட்ரானிக் சிட்டியிலோ ஊருக்கு பஸ் பிடிக்கிற ஆட்களுக்கான கணக்கு இது. சென்னை, கோவை, மதுரை அலுவலகங்கள் ஆளை அனுப்பும்போது பெரும்பாலும் இந்த முறைதான். 13 வாரம், வாரத்துக்கு 4 இரவு, மொத்தம் 52 இரவு. அறை வாடகை வரி நீங்கலாக 6,300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். டாலர் 90 ரூபாய் என்றால் அது 70 டாலர், யூரோ 100 ரூபாய் என்றால் 63 யூரோ. மூன்று மாதத்துக்கு 3,27,600 ரூபாய். பணம் கம்பெனியுடையது, பாயின்ட் தங்குகிறவருடையது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். அலுவலக கேட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்குள் இருக்கிற ஹோட்டலை விட்டுவிட்டு, பாயின்ட்டுக்காக 12 கிலோமீட்டர் தள்ளிப் போய்த் தங்குவது இந்த ஊரில் தற்கொலைக்குச் சமம். சில்க் போர்டிலிருந்து கே.ஆர்.புரம் வரையிலான அவுட்டர் ரிங் ரோட்டில் மெட்ரோ வேலை இன்னும் முடியவில்லை, சாயங்கால நெரிசலில் அந்தத் தூரமே ஒரு மணி நேரத்தைத் தின்றுவிடும். ஒயிட்ஃபீல்டுக்கு 2023 அக்டோபரிலிருந்து பர்ப்பிள் லைன் முழுதாக ஓடுகிறது. எலக்ட்ரானிக் சிட்டி வழியாக பொம்மசந்திரா போகும் யெல்லோ லைன் 2025 ஆகஸ்டில் வந்தது. இந்த இரண்டு பக்கமும் அலுவலகம் என்றால் கொஞ்சம் தள்ளித் தங்கலாம், மற்றவர்கள் முயல வேண்டாம். ஆகவே திட்டத்தைத் தேர்ந்தெடுப்பது என்பது பாதிக்குமேல் எந்தப் பகுதியில் எந்த பிராண்ட் இருக்கிறது என்று பார்ப்பதுதான்.

மேரியட்டின் பாயின்ட் திட்டமான பான்வாய்க்கு பெங்களூரில் போட்டியே இல்லை. ஒயிட்ஃபீல்டில் மேரியட், ஷெராட்டன் கிராண்ட், ஃபோர் பாயின்ட்ஸ், பெல்லந்தூர் பக்கம் அவுட்டர் ரிங் ரோட்டில் கோர்ட்யார்டும் ஃபேர்ஃபீல்டும் பக்கத்துப் பக்கத்தில், ஹெப்பாளில் கோர்ட்யார்டு, ராஜாஜிநகரில் ஃபேர்ஃபீல்டு, ஊர் நடுவில் விட்டல் மல்யா சாலையில் ஜேடபிள்யூ. எந்த டெக் பார்க்குக்கு அனுப்பினாலும் பக்கத்தில் ஒன்று சிக்கும். ஐடிசி கார்டேனியாவும் விண்ட்சரும்கூட மேரியட்டின் லக்ஷுரி கலெக்‌ஷன் வழியாக பான்வாயில் சேர்கின்றன. அங்கே ஐடிசியின் சொந்தத் திட்டமான கிளப் ஐடிசி எண்ணா, பான்வாய் எண்ணா என்று ஒன்றைத்தான் கொடுக்க முடியும்.

பெரும்பாலான பிராண்டுகளில் டாலருக்கு 10 பாயின்ட். தங்கிய இரவுகளுக்கு ஏற்ப ஸ்டேட்டஸ், அதாவது உறுப்பினர் படி, ஏறும்: 10 இரவில் சில்வர் (10% கூடுதல்), 25-இல் கோல்டு (25%), 50-இல் பிளாட்டினம் (50%). நம் 52 இரவுக் கணக்கில் அடிப்படை 36,400, ஸ்டேட்டஸ் கூடுதல் 5,320, ஆக 41,720 பாயின்ட். ஒரு பாயின்ட்டை 60 பைசா என்று மதித்தால் சுமார் 25,000 ரூபாய். அந்த மதிப்பை நம்பாமல் தானே போட்டுப் பார்ப்பது நல்லது: போக நினைக்கிற ஹோட்டலின் வரியோடு சேர்ந்த விலையை, அதே இரவுக்குக் கேட்கும் பாயின்ட்டால் வகுக்க வேண்டும். 6,300 ரூபாய் அறைக்கு 10,000 பாயின்ட் கேட்டால் 63 பைசா. 50 பைசாவுக்குக் கீழே வந்தால் காசு கொடுத்துத் தங்கிவிட்டு பாயின்ட்டை வைத்துக்கொள்ளலாம்.

பான்வாயின் குறை வேறு இடத்தில் இருக்கிறது. காலை உணவு, லவுஞ்ச் போன்ற உருப்படியான சலுகை பிளாட்டினத்தில்தான் ஆரம்பம். 52 இரவில் பிளாட்டினம் வருவது 13-வது வாரம் செக்-அவுட் ஆன பிறகு, அதாவது வேலை முடிந்து ஊருக்குப் போன பிறகு. அடுத்த டெபுடேஷனுக்கு உதவும் (2026-இல் எட்டினால் 2028 பிப்ரவரி வரை செல்லும்), இந்த மூன்று மாதத்துக்கு உதவாது. எச்டிஎஃப்சியின் மேரியட் பான்வாய் கார்டு இங்கேதான் கைகொடுக்கிறது. ஆண்டுக் கட்டணம் 3,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்; தங்காமலேயே 10 இரவு கணக்கில் ஏறும் கிரெடிட்டும் சில்வரும் சேர்ந்து வருகின்றன. அதனால் கோல்டு 4-வது வாரத்திலும் பிளாட்டினம் 10-வது வாரத்திலும் கிடைக்கும். மொத்தப் பாயின்ட் 45,920 ஆகும், கடைசி மூன்று வாரம் பிளாட்டினமாகத் தங்கலாம். தங்குவது ஃபேர்ஃபீல்டு என்றால் அந்தப் பிளாட்டினத்தால் பெரிய பயன் இல்லை, அங்கே லவுஞ்சே கிடையாது. கோர்ட்யார்டிலோ மேரியட்டிலோ இருப்பவருக்குத்தான் அது ருசிக்கும்.

சர்வீஸ் அப்பார்ட்மென்ட் என்றதும் சந்தோஷப்படுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மேரியட் எக்ஸிக்யூட்டிவ் அப்பார்ட்மென்ட்ஸ் என்ற பிராண்டில் டாலருக்கு 2.5 பாயின்ட்தான். ஐஎச்ஜி (ஹாலிடே இன், கிரௌன் பிளாசா குழுமம்) நடத்தும் ஸ்டேபிரிட்ஜில் வழக்கத்தில் பாதி, 5 பாயின்ட். சமையலறை இருக்கிற இடங்கள் பலவற்றில் திட்டங்கள் கையைச் சுருக்கிக்கொள்ளும்.

ஹில்டனின் திட்டமான ஹில்டன் ஆனர்ஸுக்கு இந்த ஊரில் ஹோட்டல் எண்ணிக்கை குறைவு: மான்யதா டெக் பார்க்குக்குள் ஹில்டனும் ஹில்டன் கார்டன் இன்னும், டொம்மலூர் பக்கம் எம்பசி கோல்ஃப்லிங்க்ஸில் ஹில்டன், சர்ஜாப்பூர் சாலை சந்திப்பை ஒட்டி அவுட்டர் ரிங் ரோட்டில் டபுள்ட்ரீ, அல்சூரில் கான்ராட். ஆனால் அலுவலகம் இவற்றில் ஒன்றின் பக்கத்தில் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். 2026-லிருந்து கோல்டுக்கு 25 இரவு போதும், முன்பு 40 வேண்டியிருந்தது. அமெரிக்காவுக்கு வெளியே இந்த பிராண்டுகளில் கோல்டு உறுப்பினருக்குக் காலை உணவு இலவசம். விதியில் கான்டினென்டல் என்றுதான் எழுதியிருக்கிறது. இந்தியாவில் பெரும்பாலும் முழு பஃபேயே கிடைத்துவிடும், இட்லி பொங்கலுக்குத் தடை இருக்காது.

கணக்கு இப்படி வரும். 7-வது வாரம் முடியும்போது 28 இரவு, கோல்டு. மீதி 6 வாரத்தில் 24 காலை உணவு. ஒன்று 700 ரூபாய் என்று குறைத்து மதித்தாலும் 16,800. பாயின்ட் பக்கம் சில்வரின் கூடுதலோடு, கோல்டுக்கு 80% கூடுதல் என்பதால் மொத்தம் 52,080 சேரும். எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம், ஹில்டன் பாயின்ட் 35 பைசாவுக்குமேல் பெறாது. அது சுமார் 18,200 ரூபாய். இரண்டும் சேர்ந்து 35,000. பான்வாயைத் தாண்டிவிட்டது, அதுவும் உணவால் மட்டும். கம்பெனி ரேட்டிலேயே காலை உணவு சேர்ந்திருந்தால் இந்த வாதம் அப்படியே கவிழும்; அப்போது பான்வாய்தான் மேல். டிராவல் டெஸ்க்கிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

ஐஎச்ஜி ஒன் ரிவார்ட்ஸ் எலக்ட்ரானிக் சிட்டிக்காரர்களுக்கு. அங்கே கிரௌன் பிளாசா இருக்கிறது. ஒயிட்ஃபீல்டில் ஐடிபிஎல் பக்கம் ஹாலிடே இன் எக்ஸ்பிரஸ், அதன் ரேட்டில் காலை உணவு எப்போதும் சேர்த்தி. 10, 20, 40 இரவுகளில் படி ஏறலாம். உணவுச் சலுகை தரும் டயமண்டுக்கு 70 இரவு, மூன்று மாதத்தில் எட்டாது. 20 இரவிலிருந்து ஒவ்வொரு 10 இரவுக்கும் ஒரு பரிசைத் தேர்ந்தெடுக்கலாம் என்பது இதன் தனி அழகு. 40-இல் ஓராண்டு லவுஞ்ச் அனுமதியை எடுப்பவர், லவுஞ்ச் இருக்கிற ஹோட்டலில்தான் தங்குகிறோமா என்று பார்த்துக்கொண்டு எடுக்கட்டும். நம் 52 இரவுக் கணக்கில் 48,160 பாயின்ட், 45 பைசா வீதம் சுமார் 21,700 ரூபாய்.

நோவோடெல், ஐபிஸ் ஹோட்டல்களின் குழுமமான அக்காரின் திட்டத்தில் ஊகத்துக்கே இடமில்லை: 2,000 பாயின்ட்டுக்கு 40 யூரோ கழிவு, எந்த ஹோட்டலிலும், எந்த நாளிலும். நோவோடெல் போன்றவற்றில் 10 யூரோவுக்கு 25 பாயின்ட், சில்வரில் 31, கோல்டில் 37. நம் கணக்கில் 10,458 சேரும். 2,000, 2,000 ஆகத்தான் கழிக்க முடியும் என்பதால் கைக்கு வருவது 200 யூரோ, 20,000 ரூபாய். ஐபிஸில் பாயின்ட் பாதிதான், ஆனால் இரவு முழு இரவாகவே எண்ணப்படும். அவுட்டர் ரிங் ரோட்டில் நோவோடெலும் ஐபிஸும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால், ஐபிஸில் தங்கி ஸ்டேட்டஸ் சேர்த்து நோவோடெலில் அனுபவிக்கிற வழி ஒன்று உண்டு.

தாஜ், விவாந்தா, ஜிஞ்சர் பக்கம் போனால் பாயின்ட்டுக்குப் பதில் டாடா குழுமத்தின் நியூகாயின். ஒரு காயின் ஒரு ரூபாய், 5% வீதம் 16,380. தொகை சிறியது, ஆனால் மளிகைக்கும் மருந்துக்கும் செல்லும். இனி ஹோட்டலில் தங்கவே போவதில்லை என்பவருக்கு இதுவே போதும். ஹயாட் நல்ல திட்டம்தான், டெக் பார்க் பகுதிகளில் அதற்கு ஹோட்டல் போதாது.

இனி தவறு நடக்கிற இடங்கள். மேக்மைட்ரிப் மாதிரி தளத்தில் பதிவு செய்தால் பாயின்ட்டும் இல்லை, இரவும் இல்லை. ஹோட்டலின் சொந்தத் தளமோ கம்பெனியின் ஒப்பந்த ரேட்டோ வேண்டும். ஒப்பந்த ரேட்டிலும், குழுவாக எடுத்த அறைகள் என்றால் ரேட் கோடு தகுதியற்றதாக இருக்கலாம். பில் நேரே கம்பெனிக்குப் போகிற ஏற்பாட்டில் முதல் வாரமே ஹோட்டலின் விற்பனைப் பிரிவிடம், இந்த ரேட்டுக்குப் பாயின்ட் உண்டா என்று மெயிலில் கேட்டு வாங்கிவிட வேண்டும். பதிவு செய்கிற அட்மின் ஊழியரின் சொந்த உறுப்பினர் எண் எல்லா பதிவிலும் தானாகவே ஏறிக்கொண்டிருப்பதும் நடக்கிறது. அறியாமல் நடப்பதும் உண்டு, அறிந்தே நடப்பதும் உண்டு.

அடுத்தது நம்மவர்களுக்கே உரிய சிக்கல், இனிஷியல். ஆதாரில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து கடைசிப் பெயராக, கம்பெனிப் பதிவில் முன்னால் ஒற்றை எழுத்தாக. உறுப்பினர் கணக்கின் பெயரும் பதிவின் பெயரும் ஒத்துப்போகாவிட்டால் இரவுகள் ஏறாமல் தொங்கும். எந்த வடிவமாக இருந்தாலும் இரண்டிலும் ஒரே வடிவமாக இருக்கட்டும்.

ஊருக்குப் போகாமல் தொடர்ந்து இரண்டு மாதம் தங்குகிறவருக்கு வேறு பிரச்சினை: இரவுகள் செக்-அவுட்டுக்குப் பிறகுதான் கணக்கில் ஏறும். 60 இரவை ஒரே பதிவாகப் போட்டால் 60 நாளும் சாதாரண உறுப்பினராகவே கழியும். 15 நாளுக்கு ஒரு பதிவு, ஒரு பில் என்று பிரித்துக் கேட்டால் நடைமுறையில் ஒவ்வொரு பில்லும் தனித்தனியாக ஏறிவிடும், அறையைக் காலி செய்ய வேண்டியதில்லை. வார வாரம் கிளம்புகிறவருக்கு இது தானாகவே அமைகிறது. ஹில்டனில் 15 தங்கல் என்ற வழியாகவும் கோல்டு வாங்கலாம். ஒரே ஹோட்டலில் இடைவெளியில்லாமல் பதிவை மட்டும் பிரித்தால் அது ஒரே தங்கலாகத்தான் எண்ணப்படும். எண்ணிக்கை காலண்டர் ஆண்டுக்கு என்பதால் நவம்பரில் ஆரம்பிக்கும் டெபுடேஷன் இரண்டாக உடையும், 52 இரவு இருந்தும் பிளாட்டினம் வராது.

வரி. 2025 செப்டம்பர் 22 முதல் இரவுக்கு 7,500 ரூபாய் வரை 5%, அதற்குமேல் 18%. 7,400 ரூபாய் அறை 7,770 ஆகும். 7,600 ரூபாய் அறை 8,968. இருநூறு ரூபாய் ஏற்றம் 1,198 ரூபாயாக முடிகிறது. காலை உணவையும் சேர்த்து 7,900 என்று பேக்கேஜ் வாங்கினால் முழுத் தொகைக்கும் 18% விழும், ஆகவே அறை ரேட்டை எல்லைக்குள் வைத்து உணவைத் தனியாகப் பேசுவது மலிவு. ஹோட்டல் வரி கர்நாடகத்தில்தான் விழும் என்பதால், அங்கே பதிவு இல்லாத சென்னைக் கம்பெனிக்கு அந்த 18% திரும்பி வராது. இதை அக்கவுன்ட்ஸ் பிரிவிடம் சொன்னால் ரேட்டைக் குறைக்க அவர்களே உங்கள் பக்கம் பேசுவார்கள். பாயின்ட் வரிக்கு முந்தைய தொகைக்குத்தான்.

ரேட் பேசும்போதே தினம் இரண்டு உருப்படி துணி துவைத்துத் தருவது, வெள்ளியன்று பெட்டியை வைத்துவிட்டுப் போக இடம், திங்களன்று காலை 8 மணிக்கு அறை ஆகிய மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். காலை பஸ்ஸில் வருகிறவருக்கு மதியம் 2 மணி செக்-இன் என்பது அரை நாள் நஷ்டம். எந்தத் திட்டத்தின் கோல்டும் இதற்கு உத்தரவாதம் தராது. ஒவ்வொரு வெள்ளியும் பில்லை பிடிஎஃப் ஆக மெயிலுக்கு அனுப்பச் சொல்லி வையுங்கள். பத்து நாளாகியும் இரவு ஏறாவிட்டால் செயலியில் விடுபட்ட தங்கல் என்று கோர, அந்த பில் எண்தான் கேட்பார்கள்.