பழைய புலப்படம் எடுத்துத் தருகிறேன், கல் ஊன்றித் தருகிறேன் என்று வருபவரிடம் எச்சரிக்கை

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் பூர்வீகப் புஞ்சையை வைத்துக்கொண்டு சென்னையிலும் கோலாலம்பூரிலும் குடியிருக்கும் குடும்பங்களைத் தேடிப்பிடித்து, "உங்கள் நிலத்தின் எல்லைக்கற்கள் காணாமல் போய்விட்டன, பழைய ஆவணம் என்னிடம் இருக்கிறது" என்று சொல்லிப் பணம் பறிக்கும் ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். எங்கள் குடும்பம் அவரிடம் 18,000 ரூபாய் கொடுத்தது. பணம் போனதைவிட, நிலத்தில் ஐந்து சென்ட் கைமாறிப் போக இருந்ததுதான் பெரிய விஷயம். புகார் விசாரணையில் இருப்பதால் அவர் பெயரையோ எங்கள் ஊரின் பெயரையோ இங்கே குறிப்பிடவில்லை. ஆனால் அவர் கையாண்ட முறை முழுவதையும் சொல்லிவிடுகிறேன்.

நிலம் என் அப்பச்சி வழியில் வந்த கூட்டுப் பட்டா. பட்டாவில் 0.45.50 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 1 ஏக்கர் 12 சென்ட். செம்புறாங்கல் மண், சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கும் புஞ்சை. பங்காளிகள் எல்லோரும் வெளியூரில் இருக்க, வளவு வீட்டில் எங்கள் பெரியாத்தாள் மட்டும் இருக்கிறார். வந்தவர் தாம் நில அளவைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர் என்று அவரிடம் அறிமுகம் செய்துகொண்டிருக்கிறார். மேற்கே மனைப்பிரிவு போடுகிறார்கள், இப்போதே கல் ஊன்றி எல்லையைக் காட்டாவிட்டால் பிறகு கோர்ட்டு கச்சேரி என்று அலைய வேண்டியிருக்கும் என்று பயமுறுத்தியிருக்கிறார். மனைப்பிரிவு போடுவது உண்மை என்பதால் நாங்களும் தொலைபேசியில் பேசிச் சம்மதித்தோம்.

பணம் பெற்றுக்கொண்டு அவர் தந்தவை மூன்று: 1962ஆம் ஆண்டின் அசல் புலப்படம் (ஒரு புல எண்ணின் எல்லைகளையும் அளவுகளையும் காட்டும் அரசு வரைபடம்) என்று ஒரு மஞ்சளேறிய தாள், அவரே வரைந்து முத்திரை குத்திய ஒரு நீலநிற வரைபடம், நிலத்தின் நான்கு மூலைகளிலும் ஊன்றி மஞ்சள் பெயின்ட் அடித்த சிமெண்டுக் கற்கள். இவை தவிர, 20 ரூபாய் முத்திரைத்தாளில் தட்டச்சு செய்த ஓர் 'எல்லை ஒப்புதல் கடிதத்தை' நீட்டி, "ஆச்சி, இதில் ஒரு கையெழுத்து மட்டும் போட்டுவிடுங்கள், பாக்கியை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று கேட்டிருக்கிறார். பெரியாத்தாள், "பிள்ளைகளைக் கேட்காமல் நான் எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். அந்த ஒரு வார்த்தைதான் இன்று எங்களைக் காப்பாற்றியிருக்கிறது.

முதலில் அந்த 'அசல்' தாளைப் பார்ப்போம். அதன் தலைப்பில் சிவகங்கை மாவட்டம் என்று அச்சாகியிருந்தது. 1962இல் இப்பகுதி முழுவதும் இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. 1985இல்தான் தனி மாவட்டம் பிரிந்தது. அப்போதும் அதற்குப் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் பெயர்தான் இருந்தது. சிவகங்கை மாவட்டம் என்ற பெயர் 1997இல்தான் வந்தது. இன்னொன்று, அதில் அளவுகள் எல்லாம் மீட்டரில் இருந்தன. அந்தக் காலத்துப் புலப்படங்களில் அளவு லிங்க் கணக்கில்தான் இருக்கும். 100 லிங்க் ஒரு சங்கிலி, அதாவது 66 அடி. ஒரு லிங்க் 20 சென்டிமீட்டருக்குச் சற்றே கூடுதல். 1979இல் தொடங்கிய யு.டி.ஆர். என்னும் நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டத்தின்போதுதான் இவை மெட்ரிக் அளவுக்கு மாற்றப்பட்டன. எனவே மீட்டரில் அளவு எழுதிய 1962ஆம் ஆண்டுப் புலப்படம் என்று யாராவது உங்களிடம் ஒரு தாளை நீட்டினால், அதை மேற்கொண்டு படிக்கவே வேண்டியதில்லை.

உண்மையான புலப்படமோ எவரும் விலைக்கு விற்கும் சரக்கே அல்ல. தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு எண் ஆகியவற்றைக் கொடுத்தால் பட்டாவுடன் புலப்படமும் இலவசமாகக் கிடைக்கிறது. கிராமத்து நில விவரங்களைப் புல எண் வாரியாகப் பதிந்து வைக்கும் அ-பதிவேட்டின் விவரத்தையும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். யு.டி.ஆருக்கு முந்தைய படம் வேண்டுமென்றால் வட்டாட்சியர் அலுவலகத்தின் நில அளவைப் பிரிவில் சான்றிட்ட நகலுக்கு மனுக் கொடுக்க வேண்டும். பதில் வராவிட்டால் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்க் கேட்கலாம். கிராம வரைபடங்களுக்குச் சேப்பாக்கத்தில் மத்திய நில அளவை அலுவலகம் இருக்கிறது. தாம் தனியாகப் பாதுகாத்து வைத்திருப்பதாகச் சொல்லி ஒருவர் ஆயிரக்கணக்கில் விலை கேட்கிறார் என்றால், ஒன்று அது பொய்த்தாளாக இருக்க வேண்டும், அல்லது அலுவலகத்திலிருந்து வெளியே போகக்கூடாத ஏடாக இருக்க வேண்டும்.

இனி கல்லுக்கு வருகிறேன். இணையத்தில் எடுத்த புலப்படத்தில் எங்கள் வடக்கெல்லை 49.6 மீட்டர் என்று இருக்கிறது. அவர் வரைந்து தந்த நீலப் படத்திலும் அதே 49.6தான் எழுதியிருந்தது. ஊருக்குப் போனபோது என் தம்பியும் நானும் டேப்பைப் பிடித்து மஞ்சள் கல்லிலிருந்து மஞ்சள் கல்லுக்கு அளந்தோம், 45.2 மீட்டர்தான் வந்தது. வடமேற்கு மூலைக்கல் எங்கள் நிலத்துக்குள் 4.4 மீட்டர் நகர்ந்து நின்றது. மற்ற மூன்று கற்களில் பெரிய வித்தியாசம் இல்லை. கல் ஒன்று நகர்ந்தால் என்ன ஆகும் என்று நினைப்பவர்களுக்காகக் கணக்கையும் சொல்கிறேன்: மேற்கெல்லை 92 மீட்டர் நீளம். தென்மேற்குக் கல் அசையாமல் வடமேற்குக் கல் மட்டும் 4.4 மீட்டர் உள்ளே வந்தால், முக்கோணமாக ஏறத்தாழ 202 சதுர மீட்டர் மேற்கே போய்விடும். சென்ட் ஒன்றுக்கு 40.47 சதுர மீட்டர் என்று வகுத்தால் ஐந்து சென்ட். பார்வைக்குத் தெரியாது, வேலி போட்டபிறகு யாரும் நம்பவும் மாட்டார்கள்.

மேற்கே யாருக்குப் போகிறது என்பதையும் அன்றே தெரிந்துகொண்டோம். மனைப்பிரிவின் வாசலில் நட்டிருந்த பலகையில் சர்வே ஆலோசகர் என்ற வரிக்குக் கீழே இவருடைய அலைபேசி எண்தான் இருந்தது. இரண்டு பக்கமும் கூலி வாங்கிக்கொண்டு எல்லையை ஒரு பக்கமாகச் சாய்த்திருக்கிறார். எந்தக் கல்லை ஆதாரமாக வைத்து அளந்தீர்கள் என்று கேட்டதற்கு, செயற்கைக்கோள் அளவு, கல் தேவையில்லை என்றார். கையில் இருந்தது சாதாரண அலைபேசி என்று பெரியாத்தாள் சொல்கிறார். அலைபேசி காட்டும் இருப்பிடம் சில மீட்டர்கள் முன்பின் விலகும். அதை வைத்துக்கொண்டு நில எல்லையைத் தீர்மானிக்க முடியாது.

பிறகு முறைப்படி அத்துக்காட்ட, அதாவது அரசு நில அளவர் வந்து எல்லையை அளந்து காட்ட, விண்ணப்பித்தோம். அலுவலகங்களில் இதை எஃப் லைன் அளவை என்கிறார்கள். 2023 இறுதியிலிருந்து இதற்கு இணையவழியாகவும் விண்ணப்பிக்கலாம். அண்டை நிலத்தாருக்கெல்லாம் அறிவிப்புப் போனபின் அரசு நில அளவர் வந்தார். அவர் செய்த வேலையைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இரண்டு வேலைக்கும் உள்ள வித்தியாசம் அதில்தான் இருக்கிறது. மஞ்சள் கற்களை அவர் பொருட்படுத்தவே இல்லை. கருவேல வேர்களை வெட்டச் சொல்லி, எங்கள் தென்கிழக்கு மூலையில் பழைய கருங்கல் ஒன்றைத் தோண்டிக் கண்டுபிடித்தார். அடுத்த புல எண்ணில் அசையாமல் நின்ற இரண்டு கற்களையும் தேடிப்பிடித்து, இந்த மூன்றுக்கும் இடையிலான தூரம் புலப்படத்தோடு ஒத்துப்போகிறதா என்று முதலில் சோதித்தார். ஒத்துப்போன பிறகே அவற்றிலிருந்து வடமேற்கு மூலையைக் குறித்தார். குறித்த இடத்தில் கடப்பாரை போட்டதும் மண் பொலபொலவென்று இளகியது. சுற்றிலும் செம்புறாங்கல் பாறைபோல் இறுகியிருக்க, அந்த ஒரு குழி மட்டும் அண்மையில் தோண்டி மூடியதாக இருந்தது. அங்கே இருந்த பழைய கல், தலையில் கொத்திய குறியுடன், மனைப்பிரிவுப் பக்கத்து வாய்க்காலில் கவிழ்ந்து கிடந்தது.

தனியாரை வைத்து அளப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. வீட்டு வரைபடத்துக்கும் மட்டம் பார்ப்பதற்கும் நல்ல பொறியாளர்கள் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள். ஆனால் அரசு ஊன்றிய கல்லை எடுக்கவோ நகர்த்தவோ அவர்களுக்கு அதிகாரம் கிடையாது. அப்படிச் செய்வது முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 434ஆம் பிரிவில் குற்றமாக இருந்தது. இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 326ஆம் பிரிவுக்குள் வருகிறது. ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. இன்னொரு பக்கம், தன் நிலத்து எல்லைக்கற்களைப் பராமரிக்கும் கடமையை 1923ஆம் ஆண்டின் நில அளவை மற்றும் எல்லைகள் சட்டம் பட்டாதாரர்மீதே வைத்திருக்கிறது. கல் காணவில்லை என்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் எழுதிக்கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். கற்களைப் பார்வையிட்டு மேலே தெரிவிப்பது அவர் வேலைகளில் ஒன்று. வெளியூரில் இருப்பவர்கள் ஊருக்கு வரும்போது ஒவ்வொரு கல்லையும் சுற்றிப் புதரை வெட்டி, பக்கத்துக் கிணறோ மரமோ தெரியும்படி படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. நாங்கள் இப்போது அப்படித்தான் செய்திருக்கிறோம்.

அளவை அறிக்கையும் வாய்க்காலில் கிடந்த கல்லின் படங்களும் காவல் நிலையப் புகாருடன் சேர்க்கப்பட்டுள்ளன. மனு ஏற்பு ரசீது வந்திருக்கிறது. மனைப்பிரிவுக்காரர்கள், அந்த ஆளுக்கும் தங்களுக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிப் பலகையில் அந்த வரியை மட்டும் வெள்ளையடித்திருக்கிறார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, "கல் ஊன்றியது ஊன்றியதுதானே" என்று பதில் வந்தது. இதே ஆள் பள்ளத்தூர், கோட்டையூர்ப் பக்கமும் வீடு வீடாகப் போவதாகக் கேள்விப்படுகிறோம். மஞ்சள் பெயின்ட் அடித்த சிமெண்டுக் கல் உங்கள் புஞ்சையில் நின்றால், அதைப் பிடுங்காமல், முதலில் புலப்படத்தை எடுத்து டேப்பால் அளந்து பாருங்கள். எல்லை ஒப்புதல் என்ற பெயரில் எந்தத் தாளிலும் வீட்டுப் பெரியவர்களைக் கையெழுத்திட விடாதீர்கள்.