சின்ன ட்ரெய்லருக்கு எந்த ஜாக்கி?

வீட்டிலேயே கேம்பிங் ட்ரெய்லர் கட்டுகிறவர்கள் ஜாக்கி வாங்கப் போனால் முதலில் பார்ப்பது அது எத்தனை பவுண்டு தாங்கும் என்பதைத்தான். சின்ன வண்டிக்கு அந்த எண் பெரிதாக உதவாது. மிஷிகனில் எங்கள் வீட்டு கராஜில் நான் கட்டியது 5 அடிக்கு 8 அடி டியர்டிராப், நீர்த்துளி வடிவச் சின்ன ட்ரெய்லர். மெத்தை, பின்பக்கச் சமையல் மேடை எல்லாம் சேர்த்து 1,100 பவுண்டு. அதில் பெரும்பங்கை டயர்களே சுமக்கின்றன. பின்மூலை ஜாக்கி ஒன்றின் மேல் 300 பவுண்டு வந்தாலே அதிகம். ட்ரெய்லருக்கென்று விற்கிற எந்த ஜாக்கியும் அதைத் தாங்கிவிடும். நிறுத்தி வைத்த வண்டியின் ஆட்டத்தை எது தடுக்கிறது என்பதுதான் கேள்வி.

காரிலிருந்து கழற்றி விட்ட ட்ரெய்லர் இரண்டு டயரிலும் முன்பக்க ஜாக்கியிலும் நிற்கிறது. உள்ளே ஒருவர் புரண்டு படுத்தால் டயரும் ஸ்பிரிங் பட்டையும் அமுங்கி எழும், வண்டி தொட்டில்போல ஆடும். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. வண்டியின் மூக்கில், அதாவது காரில் மாட்டும் முன்முனையில், இருக்கும் எடை மொத்தத்தில் 10 முதல் 15 சதவீதம்தான். என் வண்டிக்கு அது 110 முதல் 165 பவுண்டு. பின்னால் முட்டுக் கொடுக்காமல் கனமான ஆள் ஒருவர் வால்பக்கம் ஏறி உட்கார்ந்தால் மூக்கு அப்படியே மேலே கிளம்பிவிடும். பின் ஜாக்கிகள் தரையைத் தொடும் வரை யாரும் உள்ளே ஏறக் கூடாது என்பது எங்கள் வீட்டில் கண்டிப்பான விதி.

நான் முதலில் வாங்கியது தனியாக நிற்கும் அலுமினியக் கூம்பு ஸ்டாண்டுகள். நடுவில் ஒரு திருகு, அதைச் சுற்றினால் 11 அங்குலத்திலிருந்து 17 அங்குலம் வரை உயரும். வண்டியில் துளை போட வேண்டாம், வெல்டிங் வேண்டாம், விலையும் குறைவு. சிமெண்ட் தரையில் நன்றாகவே நின்றன. அப்புறம் ஸ்லீப்பிங் பேர் மணற்குன்றுகளுக்குப் போனோம், ஏரிக்கரையில் இருக்கும் டி.எச். டே முகாமுக்கு. மாலையில் இறுக்கி வைத்த ஸ்டாண்டு, இரவில் மணல் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கியதில் தளர்ந்துவிட்டது. நடு இரவில் மகள் எழுந்து இறங்க, வண்டி ஒரு பக்கம் லேசாக எழும்பியது. அவ்வளவுதான், ஸ்டாண்டு சாய்ந்து விழுந்தது. டார்ச் அடித்துப் பார்த்தபோது கூம்பு மணலில் படுத்துக் கிடந்தது. வண்டியோடு பிணைக்காத எதற்கும் இந்தக் குறை இருக்கும். எடை அழுத்திக்கொண்டிருக்கும் வரைதான் அது நிற்கும். தரை கெட்டியாக இருக்கும் இடங்களுக்கு மட்டும் போகிறவர், ஆண்டுக்கு இரண்டு மூன்று பயணம்தான் என்பவர், இதை வாங்கலாம். மற்றவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

அடுத்தது சுழல் குழாய் ஜாக்கி. முன்பக்கம் மூக்குக்குப் போடுகிற அதே வகைதான். சட்டத்தில் ஒரு குழாய்த் துண்டைப் பற்றவைத்து அதில் ஜாக்கியை மாட்டுவார்கள். ஓட்டும்போது படுக்கை வாட்டில் மடிந்திருக்கும், முகாமில் நேராகத் திருப்பிப் பூட்டும் ஊசியைச் செருகினால் போதும். இறக்குவது வேகம், தரையிலிருந்து உயரமும் வீணாகாது. ஆனால் உள்குழாய்க்கும் வெளிக்குழாய்க்கும் நடுவில் எப்போதும் கொஞ்சம் இடைவெளி இருக்கும். ஜாக்கியின் காலை எவ்வளவு நீட்டுகிறோமோ அவ்வளவு ஆட்டம் கூடும். அப்புறம் வெல்டிங். கடையில் வாங்கிய சட்டம் பெரும்பாலும் கால்வனைஸ் என்கிற துத்தநாகப் பூச்சோடு வரும். பூச்சைத் தேய்த்து எடுக்காமல் அதில் வெல்டிங் வைத்தால் துத்தநாகப் புகை கிளம்பும், அதைச் சுவாசித்தால் அன்றிரவே குளிர்காய்ச்சல் வரும். வெல்டிங் பழகாதவர் இந்த வகைக்குப் போகவே வேண்டாம்.

கூடார ட்ரெய்லர்களில் இருக்கும் மடக்குக் கால்களும் உண்டு. சட்டத்துக்கு அடியில் படுத்திருக்கும், இழுத்து விட்டால் சாய்வாக இறங்கி ஊன்றும். எடை குறைவு, போல்ட் போட்டே மாட்டிவிடலாம். சாய்வாக நிற்பதால் முன்னும் பின்னும் நகர்வதை நன்றாகப் பிடிக்கும், பக்கவாட்டில் கீலின் ஊசியில் இருக்கும் இடைவெளி அளவுக்கு ஆட்டம் இருக்கும். ரொம்பவும் லேசான வண்டிக்கு, 700 அல்லது 800 பவுண்டுக்குள் இருப்பதற்கு, நான் இதையே எடுப்பேன்.

என் வண்டியில் இப்போது இருப்பது சிசர் ஜாக்கி. கார் டிக்கியில் இருக்கும் அதே வடிவம்தான், ஆனால் மேல்தட்டு அகலமாக, போல்ட் போடத் துளையோடு வரும். நான்கு கைகளும் பற்களால் கோத்துக்கொண்டு விரிவதால் மேல்தட்டும் கீழ்த்தட்டும் எப்போதும் இணையாகவே இருக்கும். திருகு போகும் திசையில் அது அசையவே அசையாது. குறுக்குத் திசையில்தான் பலவீனம், அங்கே தட்டின் அகலம் மட்டும்தான் அதைத் தாங்குகிறது. அதனால் பின்மூலை இரண்டிலும் 45 பாகையில், திருகின் முனை மூலையைப் பார்க்கும்படி மாட்ட வேண்டும். ஒன்றின் பலவீனத் திசையை இன்னொன்று தாங்கிக்கொள்ளும். முதல் வருடம் இரண்டையும் வண்டிக்கு நேர்வாட்டில் மாட்டியிருந்தேன். போல்ட்டைக் கழற்றிக் கோணத்தை மாற்றிய பிறகு வந்த வித்தியாசம், ஜாக்கியையே மாற்றியதுபோல இருந்தது.

அளவு எடுக்காமல் வாங்காதீர்கள். சட்டத்தின் அடியிலிருந்து தரை வரை என் வண்டியில் 15 அங்குலம். ஜாக்கி ஏறக்குறைய பாதி விரிந்தபோது தரையைத் தொட வேண்டும். முழுக்க விரித்துத்தான் எட்டுகிறது என்றால் கைகள் நெட்டுக்குத்தாகி ஆட்டம் வந்துவிடும். சட்டம் உயரமாக இருந்தால் அடியில் மரக்கட்டை வையுங்கள், இல்லையென்றால் நீளமான மாடலை வாங்குங்கள். மடக்கிய நிலையில் இது சுமார் 4 அங்குலம் கீழே தொங்கும். பெட்ரோல் பங்க் ஏற்றத்தில் உரசுகிறதா என்று ஒருமுறை மெதுவாக ஏற்றிப் பார்த்துவிடுவது நல்லது.

பழைய கார் உடைக்கும் இடத்தில் கிடைக்கும் ஜாக்கியை மாட்டலாமா என்று பலர் கேட்கிறார்கள். மாட்டலாம், வேலைதான் கூடுதல். அதன் மேல்முனை காரின் விளிம்பில் கவ்வுவதற்காகச் செய்தது, தட்டையான இரும்புத் தட்டு ஒன்றை வைத்து இணைக்க வேண்டும். முனையில் பெரும்பாலும் கொக்கி போடும் வளையம் இருப்பதால் நேரடியாக டிரில் வைத்துச் சுற்றவும் முடியாது. மழையில் முட்டி போட்டுக்கொண்டு கொக்கிக் கம்பியால் சுற்றும்போது, மிச்சம் பிடித்த பணம் பெரிதாகத் தெரியாது.

நான்கு மூலைக்கும் நான்கு வேண்டுமா? இந்த அளவு வண்டிக்கு வேண்டாம். முன்பக்கம் மூக்கு ஜாக்கி இருக்கிறது, அதன் சக்கரத்தைக் கழற்றிவிட்டுத் தட்டையான பாதத்தை மாட்டினால் அதுவே மூன்றாவது கால். பின்னால் கூடும் எடையையும் கணக்கில் எடுங்கள். இரண்டு ஜாக்கியும் சேர்த்து 24 பவுண்டு, ஆக்சிலிலிருந்து 3 அடி பின்னால், ஆக்சிலிலிருந்து ஹிட்ச் (காரோடு இணையும் இடம்) 8 அடி முன்னால் என்று வைத்துக்கொண்டால், மூக்கின் எடை 9 பவுண்டு குறையும். ஏற்கெனவே 10 சதவீதத்தை ஒட்டி இருக்கும் வண்டிக்கு இது அற்பமில்லை. மூக்கு லேசான ட்ரெய்லர் நெடுஞ்சாலை வேகத்தில் வாலை ஆட்டத் தொடங்கும். நான் பேட்டரியை முன்பெட்டிக்கு மாற்றிச் சரிக்கட்டினேன்.

எந்த வகையானாலும் பாதத்துக்கு அடியில் பலகை அவசியம். 2 அங்குல விட்டமுள்ள குழாயின் மேல் 300 பவுண்டு வந்தால் சதுர அங்குலத்துக்கு 95 பவுண்டு அழுத்தம், மணலில் அது கத்திபோல இறங்கும். 6 அங்குலத்துக்கு 8 அங்குலப் பலகையை வைத்தால் அதுவே 6 பவுண்டு சொச்சம்தான். இங்கே குளிர்காலத்தில் சாலையில் உப்புக் கொட்டுவார்கள், திருகு மரை துருப்பிடித்துவிடும். கிரீஸ் தடவினால் மணலை வாரிக்கொள்கிறது, அதனால் நான் காய்ந்துவிடும் வகை மசகு ஸ்பிரேதான் அடிக்கிறேன்.

இறக்கும்போது முதலில் பக்கவாட்டு மட்டம். ரசமட்டத்தை வாசலில் வைத்து, தாழ்ந்த பக்க டயரைப் பலகை மேல் ஏற்றுங்கள். பிறகு சக்கரத்துக்குக் கட்டை, ஹிட்ச்சைக் கழற்றுவது, மூக்கை ஏற்றி இறக்கி முன்பின் மட்டம். கடைசியில்தான் பின் ஜாக்கிகள். மட்டத்தை ஜாக்கியால் சரிசெய்யப் பார்க்காதீர்கள், அதற்கு அவை ஏற்பட்டவை அல்ல. பாதம் தரையைத் தொட்டதும் டிரிலை எடுத்துவிட்டுக் கையால் கால் சுற்று, அதிகம் போனால் அரைச் சுற்று. பிளைவுட் வண்டியில் அளவு மீறியதைக் கதவே சொல்லிவிடும். இடது ஜாக்கியை ஒருமுறை கூடுதலாக இறுக்கிவிட்டேன், கதவின் மேல்மூலை சட்டத்தில் உரசி மூட மறுத்தது, கீழ்மூலையில் விரல் நுழையும் அளவு இடைவெளி. ஒரு சுற்று தளர்த்தியதும் தானாக மூடியது. அதிலிருந்து ஜாக்கி இறக்கும்போதெல்லாம் கதவைத் திறந்து மூடிப் பார்த்த பிறகுதான் ஸ்பேனரைப் பெட்டியில் வைக்கிறேன்.