எரிவாயு மீட்டருக்கான மின்னணுத் திருத்தி: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

எங்கள் தொழிற்கூடத்தின் பாய்லர் குழாய்வழி வரும் இயற்கை எரிவாயுவில் இயங்குகிறது. கட்டணத்துக்குரிய மீட்டர் எரிவாயு நிறுவனத்தின் முத்திரைக்குள் இருப்பதால் அதில் நாங்கள் கைவைக்க இயலாது. எனவே உட்கணக்குக்காகவும் சரிபார்ப்புக்காகவும், எங்கள் செலவில் ஜி65 என்ற அளவுடைய ஒரு ரோட்டரி மீட்டரையும் (உள்ளே சுழலும் உறுப்புகளால் வாயுவை அளப்பது), அதனுடன் மின்கலத்தில் இயங்கும் ஒரு மின்னணுக் கனஅளவு திருத்தியையும், அதாவது களத்தில் எல்லோரும் ஈ.வி.சி. என்று சொல்லும் பெட்டியையும், சென்ற ஆண்டு பொருத்தினோம். கருவி ஐரோப்பியத் தயாரிப்பு. இவ்வகைக் கருவிகள் பலவற்றிலும் அமைப்புப் பட்டியல் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருப்பதால், நிறுவனப் பெயரைத் தவிர்த்து எழுதுகிறேன்.

ரோட்டரி மீட்டர் காட்டுவது, குழாய்க்குள் அழுத்தத்தில் இருக்கும் வாயுவின் கனஅளவை மட்டுமே. நாங்கள் பணம் செலுத்துவதோ 15 டிகிரி செல்சியஸ் வெப்பநிலைக்கும் 1.01325 பார் அழுத்தத்துக்கும் மாற்றிக் கணக்கிட்ட நியம கனமீட்டருக்கு. குறிப்பிட்ட கனஅளவு கடக்கும்போதெல்லாம் மீட்டர் அனுப்பும் மின்துடிப்புகளை, அதாவது பல்ஸ்களை எண்ணி, அழுத்தத்தையும் வெப்பநிலையையும் அளந்து, வாயு இலட்சிய வாயு விதியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று காட்டும் அமுங்குதன்மைக் காரணியையும் சேர்த்து இந்த மாற்றத்தைச் செய்வதே திருத்தியின் வேலை. ஜி65 மீட்டரின் உச்ச ஓட்டம் மணிக்கு 100 கனமீட்டர். 4 பார் கேஜ் அழுத்தத்தில் (வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் உள்ள அளவு), வாயு 30 டிகிரியில் இருக்கும்போது, அது 470 நியம கனமீட்டரைத் தாண்டுகிறது. பெருக்கல் இவ்வளவு பெரியது என்பதால், உள்ளே கொடுக்கும் எண்களில் ஒன்று பிசகினாலும் கணக்கு மாறிவிடும்.

வாங்கும்போதே ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. கருவிக்குள் இருக்கும் அழுத்த உணரி, வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்த தனி அழுத்தத்தை அளப்பது. கேஜ் அழுத்தத்தை அன்று. எங்கள் 4 பார் கேஜ் அதன் கணக்கில் 5.01 பார் ஆகிறது. விலைப்பட்டியலில் முதலில் இருந்த 0.8 முதல் 5 பார் வரையிலான உணரியை வாங்கியிருந்தால், இயல்பான ஓட்டத்திலேயே அது எல்லையை முட்டியிருக்கும். 2 முதல் 10 பார் வரையிலானதைக் கேட்டு வாங்கினோம்.

அமைப்புகளை உள்ளிடுவதற்குக் கருவியின் முகப்பில் ஒளிவழி இணைப்பு உண்டு. மடிக்கணினியில் நிறுவனத்தின் மென்பொருளைத் திறந்து அங்கிருந்தே எல்லாவற்றையும் மாற்றலாம். மென்பொருள் வேகமானது, பக்கங்களும் தெளிவானவை. பொருத்த வந்த விற்பனையாளரின் பணியாளர் பல்ஸ் மதிப்பையும் (ஒரு பல்ஸுக்கு எத்தனை கனமீட்டர் என்பது) மீட்டர் எண்ணையும் உள்ளிட்டு, திரையில் ஓட்டம் தெரிந்ததும் அரை மணி நேரத்தில் கிளம்பிவிட்டார். என்னென்ன மதிப்புகள் உள்ளே இருக்கின்றன என்ற அச்சறிக்கையை அவர் தரவில்லை. கேட்டு வாங்க எங்களுக்கும் தோன்றவில்லை.

முதல் மாதக் கட்டணச் சீட்டு வந்தபோது, அவர்கள் 10,000 நியம கனமீட்டர் என்று காட்டிய இடத்தில் எங்கள் பெட்டி ஏறத்தாழ 9,480 என்றது. எரிவாயு நிறுவனத்தின் மீது சந்தேகப்பட்டு ஒரு கடிதமும் எழுதினோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். உண்மையில் எங்கள் கருவியின் அடிப்படை வெப்பநிலை, அதாவது எந்த வெப்பநிலைக்கு மாற்றிக் கணக்கிடுவது என்ற அமைப்பு, 15 டிகிரிக்கு மாற்றப்படாமல் தொழிற்சாலையில் வைத்த 0 டிகிரியிலேயே இருந்தது. கெல்வின் அளவில் 0 டிகிரியான 273.15-ஐ, 15 டிகிரியான 288.15-ஆல் வகுத்தால் கிடைக்கும் 0.948 தான் அந்த வித்தியாசம் முழுவதும். பல்ஸ் மதிப்பில் 0.1-க்குப் பதிலாக 1 என்று இட்டிருந்தால் பத்து மடங்கு எகிறி அன்றே தெரிந்திருக்கும். ஐந்து விழுக்காடு என்பதோ கசிவு, மீட்டர் பிழை, வெயில் என்று எதன் தலையிலும் கட்டக்கூடிய அளவாக இருந்தது.

இந்த இடத்தில்தான் கருவியின் மீது எனக்கு மதிப்பு ஏற்பட்டது. ஒவ்வொரு மணி நேரத்துக்குமான திருத்தாத கனஅளவு, அழுத்தம், வெப்பநிலை ஆகியவற்றைத் தனித்தனியே அது சேமித்து வைத்திருந்ததால், கடந்த மாதக் கணக்கை முழுவதுமாகத் திரும்பப் போட முடிந்தது. மாற்றிய அமைப்பின் பழைய மதிப்பு, புதிய மதிப்பு, நேரம் ஆகிய மூன்றும் அழிக்க முடியாத பதிவாக உள்ளே நிற்கின்றன. தணிக்கைக்கு இதைவிட வசதி வேறில்லை.

அமுங்குதன்மைக்கு எஸ்ஜெர்க்-88 என்ற நியமக் கணக்கீட்டு முறையைத் தேர்ந்தெடுத்து, சப்ளையர் அறிக்கையிலிருந்த வெப்ப மதிப்பு, ஒப்படர்த்தி (காற்றோடு ஒப்பிட்ட அடர்த்தி), கார்பன் டை ஆக்சைடு அளவு ஆகியவற்றை இட்டோம். எங்கள் அழுத்தத்தில் இதன் விளைவு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. இதற்காக அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை.

கடிகாரம் வேறு கதை. இந்தியாவில் எரிவாயு நாள், அதாவது எரிவாயுக் கணக்குக்கான 24 மணி நேரம், காலை 6 மணிக்குத் தொடங்குகிறது. கருவியோ நள்ளிரவில் நாளை முடித்தது. அதைச் சரிசெய்த பிறகும், மார்ச் மாதக் கடைசி ஞாயிறன்று நேரம் தானாக ஒரு மணி நேரம் முன்னே தாவியது. ஐரோப்பியக் கோடைகால நேர மாற்றம் அணைக்கப்படாமல் இருந்திருக்கிறது, அந்தத் தேர்வு நேரப் பக்கத்தில் இல்லாமல் தகவல்தொடர்புப் பக்கத்தின் அடியில் ஒளிந்திருந்தது. கையேட்டிலும் அதற்கு ஒரு வரிதான்.

இந்தத் திருத்தங்களுக்குப் பின் எங்கள் எண்ணுக்கும் கட்டணச் சீட்டுக்கும் உள்ள வேறுபாடு ஒரு விழுக்காட்டுக்குள் நிற்கிறது. கருவியைத் தயங்காமல் வாங்கலாம் என்பேன். ஆனால் பொருத்துபவர் கிளம்புமுன், அமைப்புப் பட்டியல் முழுவதையும் அச்சிட்டுக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுடையது இப்போது பெட்டியின் கதவுக்கு உட்புறம் ஒட்டப்பட்டிருக்கிறது.